மறு: அப்சைக்ளிங் – ‘மேல்சுழற்சி’ எங்க துணிக்கு ஒட்டலீங்க

வணக்கமுங்க எல்லாருக்கும்.

பழசையும் மிச்சத்தையும் நொறுக்காம இன்னும் மதிப்பான பொருளாக்குற அப்சைக்ளிங்குக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னு நான் கேட்டதுக்கு இந்தக் கலைச்சொல் குழுவுல வந்த பதில ரெண்டு வாரமா படிச்சுட்டேதான் இருக்கேன், தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல கிடந்ததால எழுத முடியல. கேள்விய கிளப்பி விட்டுட்டு ஆளக் காணோமேன்னு தனிமடல்ல ஒருத்தர் திட்டியிருந்தீங்க, மன்னிச்சுக்கங்க.

புதுசா வந்தவங்களுக்கு: திருப்பூர்ல ரெண்டு பவர் மெஷின், ஒரு ஓவர்லாக், நானு, கூட ரெண்டு அக்காங்க, இவ்வளவுதான் எங்க கம்பெனி. காதர்பேட்டை மார்க்கெட்ல கிலோ கணக்குல எடுக்கிற பிட்டு துணி (ஃபேக்டரில வெட்டி மிச்சமான துண்டு), வீடுகள்ல இருந்து வர்ற பழைய பட்டுச்சேலை, ஜீன்ஸ் இதுகள வச்சு குர்த்தி, பை, குழந்தைங்களுக்கு பாவாடைன்னு தைக்கிறோம். லேபிள்ல தமிழ்ல ஒரு வார்த்தை போடணும், அதுக்குத்தான் இந்தப் பஞ்சாயத்து.

> மறுசுழற்சி எல்லாருக்கும் பழகிய சொல். அதையொட்டி மேல்சுழற்சி என்றால் சட்டெனப் புரியும்.

ஐயா சொல்றது புரியுதுங்க, ஆனா எங்க ஊர்ல மறுசுழற்சின்னா அது கண்ணு முன்னாடி நடக்கிற விஷயம். கட்டிங் டேபிள்ல விழுற பனியன் வேஸ்ட்ட கலர் கலரா பிரிச்சு வாங்கிட்டுப் போயி, மெஷின்ல போட்டுக் கிழிச்சு பஞ்சாக்கி, ஓஇ (ஓப்பன் எண்ட்) நூல் மில்லுல திரும்ப நூலா ஓட்டுறாங்க, கோயமுத்தூர் திருப்பூர் பக்கம் இப்படி நிறைய மில்லு இருக்கு. சாயம் போட வேண்டியதில்ல, கலர் துணியிலயே இருக்கு, அது பெரிய மிச்சம்தான். ஆனா கிழிக்கும்போது இழை குட்டையாயிரும், அதனால பழையபடி மெல்லிசு நூல் வராது, தடிமனாத்தான் வரும், மிதியடி, கையுறை, விரிப்புன்னு போகும். அது நிஜமாவே ஒரு சுத்து சுத்தி வருது, சுழற்சின்னு சொன்னா பொருந்தும். நாங்க எதையும் சுத்த விடலீங்க. துணி துணியாவே இருக்கு, தையல் மட்டும்தான் மாறுது.

அந்த இங்கிலீஷ் வார்த்தை பொறந்த கதையும் இதுதான். 1994ல ரெய்னர் பில்ஸ்னு ஒரு ஜெர்மன்காரர், பழைய கட்டிடச் சாமான் பத்திப் பேசும்போது, செங்கல்ல உடைச்சு நொறுக்கிட்டு அதுக்கு ரீசைக்ளிங்னு பேர் வச்சிருக்கீங்க, அது கீழ இறக்குறது, எனக்கு மேல ஏத்துறதுதான் வேணும்னு சொன்னாராம். அவரு சண்டை போட்டதே நொறுக்கிறத எதிர்த்துத்தான். நாம போயி அந்தச் ‘சைக்கிள’ கெட்டியா பிடிச்சுட்டுத் தொங்கறோம்.

சரி, ‘மேல்’னாவது வச்சுக்கலாமான்னா அங்கதான் எனக்கு ஒரு கசப்பு இருக்கு. போன ஆடி மாசம் ஒரு அம்மா அவங்க கல்யாண அரக்குப் பட்டக் கொண்டு வந்து குடுத்தாங்க. முப்பது வருசம் ஒரே மடிப்புல பீரோவுல இருந்தது, மடிப்பு விழுந்த எடமெல்லாம் விரல் பட்டாலே கீறிக்குது, ஆனா பார்டரும் முந்தியும் கல்லு மாதிரி இருக்கு. பழைய பட்டு வாங்குறவங்ககிட்டப் போட்டிருந்தா எரிச்சு ஜரிகையில இருக்கிற வெள்ளியை எடுத்திருப்பாங்க, கதை முடிஞ்சது. நாங்க ஃபால்ஸ் பிரிக்கவே முக்கால் மணி நேரம், அப்புறம் பார்டர தனியா வெட்டி, கிரீம் கலர் காட்டன் குர்த்தி நாலுக்கு கையிலயும் கழுத்துலயும் வச்சோம். அழகுன்னா அப்படி ஒரு அழகு. அயர்ன் பண்றதுக்கு முன்னாடி ஒரு தண்ணில நனைச்சேன் பாருங்க, அரக்கு அப்படியே இறங்கி கிரீம் துணி பூரா ரோஸ் கறை. நாலும் போச்சு. ஓரமா ஒரு துண்ட நனைச்சுப் பாத்திருக்கணும், பாக்கல, என் தப்புதான். கடைசில கறை படாத எடமா பாத்து வெட்டி சுருக்குப்பை தைச்சோம். இப்ப சொல்லுங்க, அது மேல்சுழற்சியா கீழ்சுழற்சியா? மேல போச்சா கீழ போச்சான்னு வாங்குறவங்க சொல்லட்டும், லேபிள்ல நானே எனக்கு மார்க் போட்டுக்க வேண்டாம்.

மத்தது எல்லாம் வேகமா சொல்லிடறேன். ‘மறுவாழ்வுத் துணி’ன்னா குடியை நிறுத்துற சென்டர் ஞாபகம்தான் வருது. ‘மறுபுனைவு’ கேக்க நல்லாருக்கு, ஆனா புனைவுன்னா இப்ப கதைதானே, அப்ப டிரஸ் பொய்யாக்கா-ன்னு எங்க மெஷின் அக்கா கேக்குது. ‘மறுதையல்’ நானே எழுதி வச்சிருந்தேன், தையல்னா பெண்ணுன்னும் ஒரு அர்த்தம் இருக்கிறது பாதி ராத்திரில ஞாபகம் வந்து அடிச்சுட்டேன். ‘மதிப்புக்கூட்டல்’ விவசாயத்துக்காரங்க எடுத்துட்டாங்க, மல்லிப்பொடி அரைச்சாலும் அதான் பேரு.

பொருநராற்றுப்படைல வர்ற ‘வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்’ எடுத்துப் போட்ட அண்ணனுக்கு ஒரு கும்பிடு. வேற நூலு ஏறின ஒட்டுத்துணி, அப்படியே எங்க டேபிள். ஆனா அங்க கரிகாலன் அந்தக் கந்தலக் கழட்டிட்டு பாம்புத்தோல் மாதிரி புதுத்துணி குடுக்கிறான், நாங்க அந்தக் கந்தலத்தான் விக்கிறோம், அது வேற. ‘துன்னம்’னு லேபிள் போட்டா சென்னைல ‘இன்னா துன்னே’ம்பாங்க, வேண்டாமுங்க.

எனக்குத் தோணுறது இது. தையக்காரங்க இதுக்கு ஏற்கனவே ஒண்ணு சொல்றாங்க: பிரிச்சுத் தைக்கிறது. வீட்டுக்கும் அதேதான், பிரிச்சுக் கட்டுறது. காரைக்குடில பழைய தூணு, கதவு, ஜன்னல் எல்லாம் கழட்டி வந்து கடையில நிக்குதே, வாங்கிட்டுப் போயி புது வீட்டுல வைக்கிறாங்களே, அதுவும் பிரிச்சு வைக்கிறதுதான். நொறுக்காம பிரிக்கணும், இதுல வித்தை பூராவும் அங்கதான் இருக்கு. ஜீன்ஸ் கால்ல சங்கிலித் தையலுக்கு சரியான முனை சிக்கிட்டா சர்ருனு ஒரே இழுப்புல வந்துரும், முனை மாறிட்டா உக்காந்து பிளேடால ஒவ்வொண்ணா அறுக்கணும், எங்க அக்கா கண்ண மூடிட்டே முனைய எடுக்கும். அதனால ‘பிரித்தாக்கம்’. அந்தப் பக்கம் மில்லுல நடக்கிறதுக்கு வேணும்னா ‘அரைத்தாக்கம்’. ரெண்டையும் பக்கத்துல வச்சா வித்தியாசம் தானா தெரியும். என்ன சொல்றீங்க?

கொஞ்சமா வாங்கி ரொம்ப நாள் உடுத்துற ஸ்லோ ஃபேஷனுக்கு ‘மெதுநாகரிகம்’னு குழுவுல ஓடுற இன்னொரு பேச்சுல நான் இல்ல. 2007ல கேட் ஃபிளெட்சர்னு ஒரு இங்கிலாந்து அம்மா அந்தப் பேரு வச்சதே ஃபாஸ்ட் ஃபுட்டுக்கு எதிரா வந்த ஸ்லோ ஃபுட் இயக்கத்தப் பாத்துத்தான், அதத் தமிழ்ல வேற மெதுவா இழுக்கணுமா.

———

அக்கா, நான் ஈரோட்ல இருந்து. பிரித்தாக்கம்னா எனக்கு ‘பிரித்தாளும் சூழ்ச்சி’தான் முதல்ல வந்துச்சு, அது பரவால்ல பழகிரும். ஆனா ஒரு டவுட். காதர்பேட்டைல எடுக்கிற பிட்டுல எதைப் பிரிக்கிறீங்க? அது தைக்கவே தைக்காத துணியாச்சே. வரிக்காரனே பழைய உடுப்புக்கு 6309, வெட்டுத் துண்டு கந்தலுக்கு 6310ன்னு சரக்குக் கோட பிரிச்சுத்தான் வச்சிருக்கான்.

———

தம்பி, நல்லா மாட்டி விட்டீங்க. காலையில இருந்து இதையே யோசிச்சுட்டு ஒரு காலர தலைகீழா வச்சு அடிச்சுட்டேன்.

நீங்க சொல்றது சரிதான், பிட்டுக்கு அந்த வார்த்தை பொருந்தாது. எங்க சரக்குல பாதிக்கு மேல பிட்டுதான். அதையும் இதையும் ஒரே வார்த்தைல அடைச்சதே நாந்தான், அப்படி அடைச்சா வாங்குறவங்களுக்கு எதுல தைச்சதுன்னு தெரியாமப் போயிரும், எங்க பாட்டி சேலை மாதிரி யாரோ கட்டுன சேலைன்னு நினைச்சு காசு குடுப்பாங்க, உள்ள இருக்கிறது ஃபேக்டரி மிச்சம். குழு பொதுவான கலைச்சொல்ல பொறுமையா முடிவு பண்ணட்டும், நான் லேபிள ரெண்டா அடிச்சுக்கறேன். ஒண்ணு ‘பிரித்துத் தைத்தது’, இன்னொண்ணு ‘பிட்டுத் துணியில் தைத்தது’. பிட்டு தமிழான்னு யாரும் ஆரம்பிக்காதீங்க, புட்டுக்கே அதானே பேரு.

ஐயா, முதல் லேபிள்ல நடுவுல அந்த ‘த்’ வருமா வராதா? 500 எண்ணம் நெய்யக் குடுக்கிறேன், அப்புறம் பிரிக்க முடியாது.

———

வரும் அம்மா. வன்தொடர்க் குற்றியலுகரம், ஒற்று மிகும். தைரியமாக நெய்யக் கொடுங்கள்.