மந்திரவாதிக்குப் பெண்பால்: மந்திரவாதினியா, மந்திரக்காரியா?

அண்ணாச்சி, வணக்கம்.

சிறுவர் கதைகளுக்கான சொற்பட்டியலில் 'மந்திரவாதி'க்குப் பெண்பால் வேண்டும். விளவங்கோடு பக்கம் மலையாளத்தோடு புழங்கும் 'மந்திரவாதினி'யையே வைத்துவிடலாமா? 'சூனியக்காரி' எனக்குப் பிடிக்கவில்லை. 'இசக்கி' பொருந்துமா?
(நாகர்கோவில்)

தம்பி,

இசக்கியை இதற்குள் இழுத்தால் அவள் கோயில் இருக்கும் முப்பந்தல் பக்கம் தலைகாட்ட முடியாது. அது கும்பிடுகிற தெய்வம். 'இயக்கி'தான் இசக்கி ஆனது; சிலப்பதிகாரத்தில் ஆயர் முதுமகள் மாதரி பால்மடை (பால் படையல்) கொடுப்பது 'பூங்கண் இயக்கி'க்கு. மந்திரம் ஓதிப் பிழைக்க வேண்டிய நிலை அவளுக்கு இல்லை.

சூனியக்காரி என்றாலே பில்லி, ஏவல், செய்வினை. கதையில் நல்லவள் ஒருத்தி வந்தால் 'நல்ல சூனியக்காரி' என்று எழுதி முழிக்க வேண்டும்.

பழைய நூல்களில் தேடினால் கட்டுவிச்சி கிடைப்பாள்; நெல்லை வைத்துக் குறி சொல்பவள். சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியின் சாலினி தெய்வமேறி ஆடுபவள். இரண்டு பேரும் மந்திரத்தால் எதையும் மாற்றுவதில்லை. அசல் ஆள் மணிமேகலைக் காப்பியத்தின் நாயகி மணிமேகலைதான். மணிமேகலா தெய்வம் அவளுக்குத் தந்தவை 3 மந்திரங்கள்: வேற்றுரு எடுக்க, வான்வழி போக, பசி தாங்க. உருமாற்றும் மந்திரத்தை ஓதி அவள் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவை எடுக்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனனே அவளைத் தன் மனைவி என்று நம்பி ஏமாந்துபோய், அவளை நாடி வந்த இளவரசன் உதயகுமரனை வெட்டிவிடுகிறான். ஆனால் மந்திரம் அவளுக்குத் துணை, தொழில் அல்ல. நமக்கு வேண்டிய தொழிற்பெயர் அங்கே அகப்படாது.

மந்திரவாதினி பிழையில்லை. 'வாதி'க்கு வடமொழி முறைப் பெண்பால் அது. 1956 வரை திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலுமாக இருந்த நமக்குப் பழகிய ஓசை. தஞ்சாவூர்ப் பிள்ளைக்கு 'மந்திரவாதினியினுடைய' நாக்கில் புரளாது. 'மந்திரிணி' வேண்டவே வேண்டாம்: மந்திரியோடு குழம்பும், ஸ்ரீவித்தை என்ற அம்பிகை வழிபாட்டு முறையில் ராஜமாதங்கி என்ற தேவியின் பட்டமும் அதுவே.

என் தேர்வு மந்திரக்காரி. பாட்டுக்காரி, வேலைக்காரி போல இயல்பாக வரும். ஆண்பாலுக்கு மந்திரக்காரன், மரியாதைக்கு மந்திரக்காரர். '-காரி'யில் மரியாதையில்லாத ஒருமைத் தொனி உண்டு, அதனால் உண்மையான ஒருவரைக் குறிக்கும்போது 'பெண் மந்திரவாதி' என்றே போடு.

மேடையில் தொப்பிக்குள்ளிருந்து முயலை எடுப்பவளுக்கு இந்தச் சொல்லைக் கொடுக்காதே. அவள் செய்வது செப்பிடுவித்தை. செப்பைக் கவிழ்த்து, உருண்டையை விரலிடுக்கில் ஒளித்து, பார்ப்பவன் கண்ணை மறுகைக்குத் திருப்புகிற வேலை. அங்கே மந்திரம் வெறும் வாய்ஜாலம். மாயவித்தைக்காரி என்று தனிப்பதிவு போடு.
(மார்த்தாண்டம்)

அண்ணாச்சி, இரண்டையும் பதிந்துவிட்டேன். 'மாயாவி' இருபாலுக்கும் பொது என்று தனி வரி சேர்த்திருக்கிறேன். 'மந்திரக்காரி'க்கு விளி 'மந்திரக்காரியே'. பேச்சு வசனத்தில் 'ஏ மந்திரக்காரி' என்றும் வரலாம்.