மேட்டு நிலத்துல புல் வெட்ட எந்த டிராக்டர் வாங்கலாம்? அவசரம்

வேளச்சேரி வாசி: வணக்கம். அச்சிறுபாக்கம் பக்கம் அப்பாவோட நிலம். மலையடிவாரம், மேடும் பள்ளமுமா கல்லு நிறைய. புல் இடுப்பளவு வளந்துடுச்சு, வெட்ட ஆள் கிடைக்கல. டிராக்டர்ல ஸ்லாஷர் (பின்னாடி மாட்டி புல் வெட்டுற சுழல் பிளேடு) மாட்டி அடிக்கலாம்னு இருக்கேன். எந்த வண்டி நல்லது? ஞாயிறு ஷோரூம் போறேன், அதுக்குள்ள சொல்லுங்க.

ஏரிக்கரை: எத்தனை ஏக்கர்? சரிவு எவ்வளவு? வெறும் புல்லா, முள்ளும் இருக்கா?

டீசல் புகை: யோசிக்காம மாஸ்ஸி 1035 எடுங்க. 36 எச்பி. எந்த ஊர்லயும் பார்ட்ஸ் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார்.

செம்மண்: டீசல் அண்ணே, சமவெளிக்கு அது சரி. சரிவுக்கு பின் சக்கரம் மட்டும் இழுக்கிற டூ வீல் டிரைவைச் சொல்லாதீங்க. குபோட்டா பி2441, மஹிந்திரா ஜீவோ 245 மாதிரி 24 எச்பி ஃபோர் வீல் பாருங்க. 4 அடி ஸ்லாஷரை இழுக்கும். 6 அடி வேணும்னா 40 எச்பிக்கு மேல போகணும்.

டீசல் புகை: மினி டிராக்டர் சின்ன சக்கரம் தம்பி. கல்லுல ஏறி இறங்கும்போது தூக்கித் தூக்கிப் போடும்.

பழைய ஏர்: மாசம் ஒருத்தர் இதே கேள்வியோட வர்றீங்க. பிராண்டு கேக்கத் தெரியுது, நிலத்தை அளக்கத் தெரியல. போன்ல லெவல் செயலி இருக்கும், நீளமான பலகையைச் சரிவுல வெச்சு அது மேல போனை வெச்சுப் பாருங்க. 15 டிகிரின்னா 100 அடிக்கு 27 அடி ஏத்தம். அதுக்கு மேல எந்த வண்டியையும் ஏத்தாதீங்க. குறுக்கால ஓட்டாம மேலயும் கீழயுமா ஓட்டணும். ஏறின கியர்லயே இறங்கணும். இறக்கத்துல கிளட்சை மிதிச்சா வண்டி உங்க கையில இல்ல.

ஏரிக்கரை: ஐயா சொன்னதோட ஒண்ணு. சிங்கிள் கிளட்ச் பழைய வண்டின்னா, கிளட்சை மிதிச்சாலும் ஸ்லாஷர் பிளேடு சுத்துற வேகம் பிடிஓ (கருவியைச் சுத்த வைக்கிற பின் தண்டு) வழியா கியர்பாக்ஸைச் சுத்தி வண்டியை முன்னாடி தள்ளும். அந்தத் தண்டுல ஓவர்ரன்னிங் கிளட்ச் (ஒரு பக்கம் மட்டும் விசையை விடுற இணைப்பு) போட்டா அந்தத் தள்ளல் நிக்கும். கல்லு நிலம்ங்கிறதால ஸ்லாஷரைச் சுத்திச் சங்கிலித் தடுப்பு கட்டாயம். தெறிக்கிற கல்லு ஆளை அடிச்சிடும்.

செம்மண்: ரோல் பார் (வண்டி கவிழ்ந்தா ஓட்டுறவரைக் காக்கிற இரும்பு வளைவு), பெல்ட் ரெண்டும் வேணும். எங்க சித்தப்பா வண்டி வரப்புல சாஞ்சு ஒரு கால் போச்சு. ரோல் பார் இல்லாத வண்டி அது. காசு பத்தலன்னா வேற எதையாவது குறைங்க, இதைக் குறைக்காதீங்க. பின் டயர்ல முக்கால் வாசி தண்ணி அடைங்க, சக்கரத்தைத் திருப்பி மாட்டி அகலத்தைக் கூட்டுங்க. சாயறது குறையும்.

வேளச்சேரி வாசி: நன்றி. 4 ஏக்கர். சரிவு அளக்கல. பாதிக்கு மேல சீமைக்கருவேலம்.

ஏரிக்கரை: இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! அந்த முள்ளு டயர்ல ஏறினா பஞ்சர் ஒட்டியே ஓய்ஞ்சு போவீங்க. வெட்டினா அடிக்கட்டையில இருந்து மறுபடி துளிர்க்கும். ஜேசிபி வெச்சு வேரோட எடுத்துட்டு அப்புறம் டிராக்டரை யோசிங்க.

டீசல் புகை: ஜேசிபிக்கு ஏன் காசு? கரிமூட்டம் போடறவங்களைக் கூப்பிடுங்க, அவங்களே வெட்டிக் காசு கொடுப்பாங்க. ராமநாதபுரத்துல எத்தனை குடும்பம் அந்தக் கரியில சாப்பிடுது.

செம்மண்: அவங்க மரத்தை மட்டும் வெட்டுவாங்க, வேர் மண்ணுலயே கிடக்கும். எங்க கிணத்துல தண்ணி இறங்கினதே இந்த மரத்தாலதான். 2017ல நீதிமன்ற உத்தரவுன்னு மாவட்டம் மாவட்டமா வெட்டினாங்க. வேரோட எடுக்காத இடமெல்லாம் இப்ப மறுபடி காடு.

டீசல் புகை: ஊரெல்லாம் போர் போட்டு உறிஞ்சிட்டு மரத்தைக் குத்தம் சொல்லாதீங்க தம்பி.

பழைய ஏர்: கருவேலத்துக்குத் தனி இழை தொடங்குங்க. கேட்டவருக்கு ஒரு வார்த்தை: அரசோட உழவன் செயலியில வாடகை இயந்திரம் இருக்கு. ஒரு தடவை வாடகைக்கு ஓட்டிப் பாத்துட்டு வாங்குங்க.

(மூணு வாரம் கழிச்சு)

வேளச்சேரி வாசி: அளந்துட்டேன். கீழ 3 ஏக்கர் 8, 9 டிகிரிதான். மேல ஒரு ஏக்கர் 20க்கு மேல, அதை ஆட்டுக்கு விட்டாச்சு. கீழ முள்ளை ஜேசிபி எடுத்துச்சு, புல்லுக்குப் பக்கத்து ஊர்க்காரர் வண்டி வாடகைக்கு. வாங்கறதை ஒத்திப் போட்டிருக்கேன். எல்லாருக்கும் நன்றி.

செம்மண்: சந்தோஷம். அந்த வாடகை வண்டியில ரோல் பார் இருந்துச்சா?