புது ஏரி, மூன்று தடவை போயும் ஒரு கடி கூட இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பழையகுளம்:
பத்து வருடமாக ஒரே குளத்தில்தான் தூண்டில் போட்டு வந்தேன். எந்தக் கல்லடியில் கெளுத்தி கிடக்கும், எப்போது கெண்டை கரைக்கு ஒதுங்கும் என்பதெல்லாம் அங்கே அத்துப்படி. இப்போது வீடு மாறிவிட்டேன். பக்கத்தில் இருப்பது ஒரு பெரிய ஏரி. எதிர்க்கரையில் நிற்கும் ஆள் எறும்பு மாதிரி தெரிவார்.

முதல் தடவை, பாதை முடிகிற இடத்திலேயே உட்கார்ந்தேன். தக்கையை மூன்று அடியில் கட்டி மண்புழு போட்டேன். நாலு மணி நேரம் தக்கை அசையவே இல்லை. அடுத்த தடவை இடத்தை மாற்றியும் அதே கதை. மூன்றாம் தடவை, பெரிய மீன் ஆழத்தில்தானே இருக்கும் என்று மதகுப் பக்கம் போய், ஈயம் கட்டி முடிந்த மட்டும் தூர வீசி அடியில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். வெறுங்கை. மற்றவர்கள் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்தேன், ஆக மீன் இல்லாமல் இல்லை. இரையை மாற்றுவதா, நல்ல ரீல் வாங்குவதா?

தக்கைக்காரன்:
ரீலை விடுங்கள். முதலில் இதைச் சொல்லுங்கள். உட்கார்ந்தபோது காற்று முதுகிலா, முகத்திலா? மூன்று அடி என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? மதகுப் பக்கம் ஈயத்தை இழுத்து எடுத்தபோது அதில் என்ன ஒட்டியிருந்தது?

பழையகுளம்:
காற்று எப்போதும் முதுகில்தான், வீச வசதி. மூன்று அடி பழைய குளத்துக் கணக்கு. ஈயத்தில் கன்னங்கரேல் என்று சேறு. அழுகிய முட்டை நாற்றம் அடித்தது, இரண்டு தடவை கை கழுவியும் போகவில்லை. இதெல்லாம் முக்கியமா?

தக்கைக்காரன்:
அந்த நாற்றம்தான் உங்கள் கேள்விக்குப் பாதி பதில். ஆக்சிஜன் இல்லாத சேறுதான் அப்படிக் கறுத்து நாறும். வெயில் காலத்தில் ஆழமான ஏரியில் மேல் தண்ணீர் சூடாகி லேசாகிவிடும். அடியில் குளிர்ந்த தண்ணீர் கனமாகத் தங்கிவிடும். இரண்டும் கலப்பதில்லை. மேலிருந்து விழும் பாசியும் இலையும் அடியில் மக்கும்போது அங்கிருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும், புதிதாக மேலிருந்து வராது. அந்த மட்டத்தில் மீன் நிற்காது. மதகடி ஏரியிலேயே ஆழம் என்பது சரி, ஆனால் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறீர்கள்.

முதல் இரண்டு தடவை நடந்தது வேறு. ஆழம் தெரியாமல் தக்கை கட்டினால் இரை அந்தரத்தில் தொங்கும். மீன் அடியில் மேய்ந்துகொண்டிருந்தால் தலைக்கு மேலே என்ன தொங்கினாலும் அதற்குக் கவலை இல்லை.

நரம்பறுந்தவன்:
பாதை முடிகிற இடத்தில் எல்லோரும்தான் உட்காருகிறார்கள். அங்கே உள்ள மீன்களுக்கு நம் செருப்புச் சத்தம் தெரியும் :)

கரைவாசி:
சிரிப்புக்குச் சொன்னாலும் அது உண்மைதான். மீனின் பக்கவாட்டில் ஓடும் கோடு தண்ணீரின் அதிர்வை உணரும் உறுப்பு. கரையில் தொப் தொப்பென்று நடந்தால் கரையோர மீன் விலகிவிடும்.

தம்பி, என் யோசனை: அடுத்த தடவை தூண்டிலே எடுத்துப் போகாதீர்கள். கையில் இருந்தால் மனசு கேட்காது, பத்தாவது நிமிடம் வீசிவிடுவீர்கள். அதிகாலையில் வெறுங்கையோடு கரையைச் சுற்றுங்கள். போலரைஸ்டு கண்ணாடி போட்டால் தண்ணீர் மேல் பளபளப்பு அடங்கி உள்ளே கொஞ்சம் தெரியும். ஓடை வந்து சேரும் வாய், கோரை முடிகிற விளிம்பு, விழுந்து கிடக்கும் மரம், கரை திடீரென்று சரியும் இடம், தண்ணீர் நிறம் மாறும் கோடு, இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மீன் நடுவெளியில் சும்மா சுற்றுவதை விட இப்படி ஒன்று இன்னொன்றாக மாறும் ஓரங்களில்தான் அதிகம் நிற்கும்.

குமிழியையும் பாருங்கள். ஒரே இடத்தில் வந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் சேற்று வாயு. கொத்துக் கொத்தாக வந்து மெல்ல நகர்ந்தால் ஏதோ கெண்டை அடியைக் கிளறிக்கொண்டு போகிறது.

அப்புறம் இரண்டு விஷயம். ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது, தூண்டில் போட அனுமதி வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். கரைக்கு மேலே மின்கம்பி போகிற இடத்தில் கார்பன் தூண்டில் ராடை நிமிர்த்தாதீர்கள், அதில் மின்சாரம் பாயும்.

விரால்வெறியன்:
அல்லியும் பாசியும் மூடிய ஓரம் இருந்தால் பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். விராலுக்குச் செவுள் மூச்சு மட்டும் போதாது, மேலே வந்து காற்றைக் குடித்தே ஆகவேண்டும். பளக்கென்று ஒரு சத்தம், ஒரு வளையம், அவ்வளவுதான். சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மேலே மொய்த்தால் மட்டும் விட்டுவிடுங்கள். கீழே பெற்றது காவல் நிற்கும். அதைத் தூக்கினால் குஞ்சு அத்தனையும் மற்ற மீனுக்கு இரை.

தக்கைக்காரன்:
ஆழம் பார்ப்பது சுலபம். முள்ளில் தக்கையை முழுக்கடிக்கிற அளவு கனமான ஈயம் ஒன்றை மாட்டி வீசுங்கள். தக்கை முழுகிப் போனால் நீங்கள் கட்டியதை விட ஆழம் அதிகம். படுத்துக்கொண்டால் குறைவு. நுனி மட்டும் தெரிய நிமிர்ந்து நின்றால் அதுதான் கணக்கு. அப்படியே கரையிலிருந்து உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பாருங்கள்.

தூரத்துக்கு வெறும் ஈயமே போதும். விழுந்ததும் நரம்பு (தூண்டில் நூல்) தளரும் வரை எண்ணுங்கள். ஒரு இடத்தில் ஐந்து, அடுத்ததில் ஒன்பது என்றால் நடுவில் ஒரு சரிவு இருக்கிறது. மெல்ல இழுங்கள். டொக் டொக்கென்று ராடில் தட்டினால் சரளை. வழுக்கிக்கொண்டு வந்தால் களிமண் அல்லது மணல். முதல் இழுப்பில் பிடித்துக்கொண்டு பிறகு விட்டால் சேறு. ஸ்பிரிங் மாதிரி இழுத்து இழுத்து வந்தால் பாசி.

காற்றை இனி முகத்தில் வாங்குங்கள். அது மேல்தண்ணீரையும் அதிலிருக்கும் நுண்ணுயிரையும் தான் மோதும் கரைக்குத் தள்ளும், பொடி மீன் பின்னாலேயே போகும், பெரியது பொடியின் பின்னால்.

கரைவாசி:
அதை எப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். குளிர்காற்று அடிக்கும் நாளில் அதே கரைதான் முதலில் குளிரும். அன்றைக்கு மறைவான, வெயில் படுகிற ஓரமே மேல்.

தக்கைக்காரன்:
சரி அண்ணே, வெதுவெதுப்பான காற்றுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வோம்.

பழையகுளம்:
ஒரு வாரம் கழித்து வருகிறேன். வெறுங்கையோடு சுற்றுவது கொடுமையாகத்தான் இருந்தது, ஆனால் சுற்றினேன். காற்று மோதும் கரையில் கோரைக்கு வெளியே நாலு அடி ஆழம், இன்னும் மூன்று எட்டு தூரம் உள்ளே போனால் ஒன்பது அடி! ஈயம் சரளையில் தட்டிக்கொண்டு வந்தது, நாற்றம் இல்லை. மறுநாள் விடியும் முன் அங்கே போய், புழு அடியைத் தொடுகிற மாதிரி தக்கையைக் கட்டினேன். உள்ளங்கை அளவில் இரண்டு கெண்டை. மூன்றாவது பெரிசு, தக்கை ஒரே அமுக்கில் காணாமல் போனது. நேரே கோரைக்குள் பாய்ந்து நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது. இதற்கு என்ன செய்வது?

நரம்பறுந்தவன்:
வாருங்கள், என் பெயருக்குப் பங்காளி வந்துவிட்டார்.

கரைவாசி:
கோரைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள்?

பழையகுளம்:
கோரைக்குப் பின்னாலேயே, அதற்கு மேலாக வீசினேன். மறைவாக இருக்கும் என்று நினைத்தேன்.

கரைவாசி:
மறைவு சரி, ஆனால் மீனை நீங்களே கோரைக்குள் இழுத்திருக்கிறீர்கள். பத்து எட்டு தள்ளி, பக்கவாட்டில் உட்காருங்கள். அங்கிருந்து இழுத்தால் மீன் திறந்த தண்ணீருக்கு வரும். கடித்ததும் ராடைச் சாய்த்துப் பிடித்து முதல் பாய்ச்சலைக் கோரைக்கு எதிர்ப்புறம் திருப்புங்கள், அந்த சில நொடிதான் கணக்கு. நரம்பு என்ன தடிமன்?

பழையகுளம்:
பழைய குளத்துக்குப் போட்டதுதான் அண்ணே. இன்று இரவே மாற்றுகிறேன்.