பிளாஷ் நினைவகத்தில் ஏஐ மொடலின் எடைகளை எப்படி அடுக்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கோண்டாவிலில் அப்பாவின் வெங்காயத் தோட்டத்துக்காக, இலை நோயைப் படத்தில் கண்டறியும் சின்னக் கருவி ஒன்று செய்கிறேன். போர்டில் இருப்பது ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினிச் சில்லு. உள் நினைவகம் 520 கிலோபைட்தான். நோயை அடையாளம் காணும் ஏஐ மொடலின் எண்களை ஒவ்வொன்றும் 8 பிட்டாகச் சுருக்கியும் மொடல் அதற்குள் அடங்கவில்லை. அதனால் எடைகள், அதாவது மொடல் கற்றுக்கொண்ட எண்கள், எல்லாம் வேகம் குறைந்த 4 மெகாபைட் பிளாஷ் நினைவகத்திலேயே கிடக்கின்றன.

கணக்குப் போடும் வரிசை ஒன்று, எடைகள் அடுக்கியிருக்கும் வரிசை வேறொன்று. பிளாஷில் இருந்து எடுப்பதைத் தற்காலிகமாக வைக்கும் சின்ன வேக நினைவகமான கேஷ் ஒவ்வொரு தடவையும் 32 பைட்டை அள்ளி வருகிறது, நான் பாவிப்பது ஒன்றிரண்டு. மிச்சம் வீண். ஒரு இலைக்கு 7 வினாடி போகிறது. அப்பா வெயிலில் கருவியைப் பிடித்தபடி நிற்பதைப் பார்க்க மனம் கேட்கவில்லை.

எடைகளைக் கணக்கு வரிசையிலேயே திரும்ப அடுக்கி எழுதலாமா? அல்லது அடுத்த துண்டை முன்கூட்டியே உள்ளே இழுத்து வைப்பது நல்லதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கோ. யாழ்ப்பாணத்துக்குள் என்றால் போர்டோடு நேரிலேயே வருவேன்.