கணிதமா, கம்ப்யூட்டரா, அக்ரியா? கொரடாச்சேரிப் பக்கம் இருந்து கேட்கிறேன்

வெட்டாறு:
எல்லாருக்கும் வணக்கம். திங்கட்கிழமைக்குள்ள பணம் கட்டி சீட்டை உறுதி பண்ணணும். வீட்ல மூணு பேரு மூணு பக்கம் இழுக்கிறோம்.

கிடைச்சிருக்கிறது: திருவாரூர் திரு.வி.க. அரசு கலைக் கல்லூரியில பி.எஸ்சி. கணிதம். பொறியியல் கலந்தாய்வுல திருச்சிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில கம்ப்யூட்டர் சயின்ஸ். அப்புறம் நாவலூர் குட்டப்பட்டு அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியில பி.எஸ்சி. அக்ரி.

நான் படிச்சது அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் மீடியம். அதனால அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குள்ள வரல. புதுமைப்பெண் 1,000 ரூபாய் எங்க போனாலும் வரும். முதல் பட்டதாரி சான்றிதழும் வாங்கியாச்சு. அந்தச் சலுகை போகவே கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு விடுதியோட வருஷம் ஒண்ணே கால் லட்சம் ஆகும்னு சொல்றாங்க. அம்மா நகையை வச்சாத்தான் முடியும். அம்மாவுக்குத் திருவாரூர்தான் நிம்மதி. காலைல போயிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்.

அப்பாவுக்குப் பத்து மா சொந்தம், அஞ்சு மா குத்தகை (சுமாரா மூணு மா ஒரு ஏக்கர்). அக்ரின்னு சொன்னதுமே, "வயலை விட்டு வெளில போகத்தான் ஒன்னைப் படிக்க வைக்கிறேன், வயலைப் பத்தியே படிக்கவா?"ன்னுட்டாங்க. அவங்க சொல்றதுல தப்பு இல்ல. இந்தத் தை மாசம் அறுப்பு நேரத்துல மழை. கொள்முதல் நிலையத்துல நெல்லை அள்ளி மெஷின்ல போட்டா ஈரப்பதம் 22 சதவீதம். பதினேழுக்கு மேல எடுக்க மாட்டோம்னாங்க. ஆறு நாள் ரோட்டு ஓரமே கொட்டிக் காய வச்சோம். ராத்திரி தார்ப்பாயை மூடிட்டு அப்பா அங்கேயே படுத்துக்கிட்டாங்க.

அப்பதான் நான் ஒண்ணு பண்ணேன். 22ல இருந்து 17க்கு வரணும்னா ஒரு கிலோ நெல்லு எவ்வளவா இளைக்கணும்னு கணக்குப் போட்டேன். 940 கிராம் வந்துச்சு. குவியல்ல இருந்து சரியா ஒரு கிலோவை ஒரு தட்டுல தனியா எடுத்து, குவியல் பக்கத்துலயே காய வச்சு, தினம் சாயங்காலம் மளிகைக் கடைத் தராசுல நிறுத்தேன். ஆறாம் நாள் 938. அன்னிக்கு ஏத்திட்டுப் போகச் சொன்னேன், எடுத்துக்கிட்டாங்க. கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனா அன்னிக்குப் பிடிச்ச மாதிரி என்னைக்கும் பிடிச்சதில்ல. எதை எடுக்கிறதுன்னு சொல்லுங்க.

நாற்றங்கால்:
தங்கச்சி, நான் அந்த நாவலூர் அக்ரி கல்லூரியிலதான் படிச்சேன். இப்ப ஒரு வங்கியில வேளாண் அலுவலரா இருக்கேன்.

முதல்ல கஷ்டத்தைச் சொல்லிடுறேன். பாடம் எல்லாம் இங்கிலீஷ்ல நடக்கும். நானும் தமிழ் மீடியம்தான். முதல் செமஸ்டர்ல பூச்சிகளோட லத்தீன் பேரை எழுதிப் பார்த்துட்டு விடுதியில அழுதிருக்கேன். ரெண்டாவது செமஸ்டர்ல சரியாயிடுச்சு. வேளாண்மை அலுவலர் தேர்வு வருஷா வருஷம் வராது, அதை மட்டும் நம்பி வரவேண்டாம். வங்கி, விதைக் கம்பெனி, மேற்படிப்புன்னு வேற வழியும் இருக்கு.

அப்பா பயப்படுற மாதிரி நாலு வருஷமும் நாத்து நடுற படிப்பு இல்லம்மா. மண்ணு, மரபியல், பயிர் நோய், பொருளாதாரம் எல்லாம் இருக்கு. கடைசி வருஷம் கிராமத்துலயே தங்கி விவசாயிகளோட வேலை பார்க்கணும், எனக்கு அதுதான் பிடிச்சது. அங்க களர் மண்ணுல ரொம்ப காலமா ஆராய்ச்சி நடக்குது. திருச்சி 1, திருச்சி 3 நெல் ரகமெல்லாம் அந்த மாதிரி மண்ணுக்குன்னே வந்தது. உங்க வயல்ல வெள்ளை பூத்து பயிர் நிக்காத இடம் இருந்தா அப்பாவுக்கே புரியும்.

கும்பகோணம் கணக்கு வாத்தியார்:
முப்பது வருடம் கணிதம் நடத்தியவன் நான். கணிதத்துக்கே போ என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் அந்த 940 கிராமைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை, அம்மா.

எங்கள் ஊர் அரசுக் கல்லூரியில் 1904இல் உதவித்தொகையோடு சேர்ந்தார் ராமானுஜன். கணிதம் தவிர மற்ற பாடங்களில் மனம் செல்லாமல் அந்த உதவித்தொகையை இழந்தார். கணக்கைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று இருப்பவர்களுக்குக் கணிதத் துறைதான் இடம். உன்னைக் கணக்கிடத் தூண்டியது நெல். புள்ளியியலின் ஒரு முக்கியமான பகுதி வயலில் பிறந்தது என்பதும் உனக்குத் தெரியவேண்டும். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919இல் சேர்ந்த புள்ளியியல் அறிஞர் ஃபிஷர், எந்த உரம் உண்மையில் விளைச்சலைக் கூட்டியது, எது மண்ணின் வேறுபாட்டால் வந்தது என்று பிரித்தறியத்தான் உரங்களைப் பாத்திகளுக்குக் குலுக்கல் முறையில் ஒதுக்கச் சொன்னார். அந்தக் கணக்கை அக்ரியில் உனக்குப் பாடமாகவே வைத்திருப்பார்கள். திருவாரூரில் சேர்ந்தால் எம்.எஸ்சி. வரை போகும் உறுதியோடு சேர். பாதியில் நிறுத்தினால் என் மாணவிகள் பட்ட சிரமத்தை நீயும் படுவாய்.

மன்னை எக்ஸ்பிரஸ்:
நான் ஐ.டி.ல இருக்கேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் மோசம்னு சொல்ல மாட்டேன்மா, எனக்கு அதுதான் சோறு போடுது. ஆனா நகையை வச்சு சேர்றதுக்கு முன்னாடி, போன வருஷம் அந்தத் துறையில எத்தனை பேருக்கு எந்தக் கம்பெனியில வேலை கிடைச்சுதுன்னு அங்க படிக்கிற பசங்ககிட்டயே கேளு, ஆபீஸ்ல கேக்காத. ஏற்கெனவே பணம் கட்டியிருந்தாலும் பயப்படாத. பொறியியல்ல வகுப்பு தொடங்குறதுக்குள்ள விலகினா அதிகபட்சம் 1,000 ரூபாய்தான் பிடிக்கணும்னு, பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்கிற ஏ.ஐ.சி.டி.இ.யோட விதி இருக்கு. ஒரிஜினல் சான்றிதழை எந்தக் கல்லூரியும் பிடிச்சு வச்சுக்கக் கூடாது. என் தம்பி விஷயத்துல ஒரு கல்லூரியில மூணு வாரம் இழுத்தடிச்சாங்க, விதியை எழுத்துல காட்டினப்புறம்தான் கொடுத்தாங்க.

வெட்டாறு:
மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. அப்பாகிட்ட எல்லாத்தையும் சத்தமாப் படிச்சுக் காட்டினேன். ஃபிஷர் வந்த இடத்தை மட்டும் ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க. அப்புறம் ஒண்ணும் பேசல.

அக்கா, வாய்க்கால் கடைசியில ஒன்றரை மா அப்படித்தான் கிடக்கு, வெயில்ல உப்பு பூத்து. நாளைக்குக் காலைல காரைக்கால்–திருச்சி வண்டியில நானும் அப்பாவும் நாவலூர் போறோம், விடுதியைப் பார்த்துட்டு வரலாம்னு. இன்னிக்குச் சாயங்காலம் அப்பா மண்வெட்டியோட போனாங்க. இப்பதான் வந்து ஒரு கேரி பேக்கை வாசல்ல வச்சிருக்காங்க. அந்த ஒன்றரை மா மண்ணு.

அங்க மண் பரிசோதனைக்கு யார்கிட்ட கொடுக்கணும்னு மட்டும் சொல்லுங்கக்கா.