[கலைச்சொல்] ‘ப்ளூ நோட்’ – தமிழில்? வெள்ளிக்குள் வேண்டும்

த., காக்ஸ் டவுன்:

குழுவினருக்கு வணக்கம்.

அவசரமாக ஒரு சொல் வேண்டும். என் அக்கா மகன் கிட்டார் வாசிக்கிறவன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைகளான ப்ளூஸையும் ஜாஸையும் கலந்து முதல் ஆல்பம் கொண்டுவருகிறான். பாட்டு கிடையாது, எல்லாம் வாத்திய இசைதான். கூட வரும் கையேட்டில் ஆங்கிலம், கன்னடம், தமிழ் மூன்றும் உண்டு. தமிழ்ப் பக்கம் என் பொறுப்பு. வெள்ளி காலை சிவாஜிநகர் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

மற்றதெல்லாம் எப்படியோ ஒப்பேறிவிட்டது. ‘பன்னிரண்டு பார்’ என்பதைப் ‘பன்னிரண்டு ஆவர்த்தனம்’ என்று எழுதியிருக்கிறேன். யாரும் மறுக்காவிட்டால் அப்படியே விட்டுவிடுவேன். முட்டி நிற்பது ஓரிடத்தில்தான். மூன்றாவது உருப்படி பற்றி அவன் எழுதியிருப்பது இது: “இதில் நான் தேடிப் போவது ப்ளூ நோட்டை. அது எந்த மெட்டின் மேலும் இல்லை, இரண்டு மெட்டுக்கு நடுவில் இருக்கிறது. கம்பியைத் தள்ளித்தான் அங்கே போகணும்.”

இசைப் பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே மெட்டு என்றால் பாட்டின் மெட்டு இல்லை, கிட்டாரிலும் வீணையிலும் கம்பிக்கு அடியில் குறுக்கே பதித்திருக்கும் கட்டு. ‘க’ என்ற சுரத்தின் தாழ்ந்த வடிவம் சாதாரண காந்தாரம், உயர்ந்த வடிவம் அந்தர காந்தாரம். ப்ளூஸில் கீழே பக்கவாத்தியம் அந்தர காந்தாரத்தை வைத்துக்கொண்டு போகும். மேலே பாடுகிறவரோ வாசிக்கிறவரோ சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் ஓர் ஒலியைப் பிடிப்பார். கீழும் மேலும் ஒட்டாமல் உரசும். அந்த உரசல்தான் ருசி. நிஷாதத்திலும் (நி) பஞ்சமத்துக்கு (ப) சற்றுக் கீழேயும் இதே வேலை நடக்கும்.

கன்னடப் பக்கம் எழுதியவர் ‘ப்ளூ நோட்’ என்றே கன்னட எழுத்தில் போட்டுவிட்டார். நானும் போடலாம்தான். ஆனால் அல்சூரில் இருக்கிற அவன் பாட்டி வாசிக்கணும் என்றுதான் தமிழ்ப் பக்கமே வைத்திருக்கிறான். ‘நீலச்சுரம்’ என்று எழுதி அம்மாவிடம் காட்டினேன். “யாருக்குக் காய்ச்சல்?” என்று கேட்டார்.

உதவுங்கள்.

———

க. இரா., அல்சூர்:

அன்பு மகள் த.வுக்கு,

சொல் நெடுங்காலமாகக் காத்திருக்கிறது அம்மா. நெய்தற்சுரம்.

ப்ளூஸ் என்பது ஏக்கமும் ஆற்றாமையும். நெய்தலின் உரிப்பொருள் இரங்கலும் இரங்கல் நிமித்தமும். நெய்தல் பூ நீலம். ஆங்கிலத்தில் நிறமும் துயரமும் ஒரு சொல்லில் கூடின. நம்மிடம் ஒரு பூவில் கூடின. நெய்தல் நிலத்து யாழ் விளரியாழ், அதில் எழுவது இரங்கற்பண். போதாததற்குச் சாப்பறைக்கும் நெய்தல் என்றே பெயர். ‘ஓரில் நெய்தல் கறங்க’ என்று பக்குடுக்கை நன்கணியார் தொடங்குகிறாரே, ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு! ஜாஸ் பிறந்த நியூ ஆர்லியன்சில் இடுகாட்டுக்குப் போகும்போது ஊதுகுழல்காரர்கள் ஒப்பாரி மெட்டு வாசிப்பார்கள்; அடக்கம் முடிந்து திரும்பும்போது ஊரே ஆடும்படி வாசிப்பார்கள். நன்கணியார் இரண்டு வீட்டில் கேட்டதை அவர்கள் ஒரே தெருவில் கேட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லாமல் விட மனம் இல்லை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழில் காந்தாரம் எது? கைக்கிளை. அகத்திணையில் கைக்கிளை எது? ஒருதலைக் காமம். ப்ளூஸ்காரன் தொட்டுக் குறைப்பது சரியாக அந்தக் கைக்கிளையை. அவன் பாடுவதும் பெரும்பாலும் திரும்பி வராத காதலை! கை என்றால் சிறுமை. கிளை என்றால் உறவு. இசையிலும் இணை, கிளை, பகை, நட்பு என்று நரம்புகளுக்கு உறவு வகுத்தவர்கள் நாம். சிறுமைப்பட்ட உறவு, அதைவிடச் சிறிதாக்கப்பட்ட நரம்பு. இதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

———

த., காக்ஸ் டவுன்:

ஐயா, படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆனால் இரண்டு தயக்கம். ஆங்கிலத்தில் அந்த நீலம் பூவிலிருந்து வந்ததில்லை. மனச்சோர்வை ‘நீலப் பேய்கள்’ பிடித்ததாகச் சொல்லும் பழைய வழக்கிலிருந்து வந்தது. இரண்டாவது, மூன்றாம் உருப்படி அழுகிற வகையே இல்லை, குதித்துக்கொண்டு போகும். ப்ளூஸ் எல்லாம் சோகம் என்பது, முகாரி எல்லாம் ஒப்பாரி என்கிற மாதிரி. ‘நெய்தல்’ என்று போட்டால் கேட்பவர் அழத் தயாராகிவிடுவார்கள். ஒலிப்பதிவை இணைத்திருக்கிறேன், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

———

பொ. வே., வைட்ஃபீல்டு:

நெய்தற்சுரத்தில் நெய்தல் தமிழ். சுரம்? ஸ்வரத்தைக் கிரந்தம் நீக்கி எழுதிவிட்டால் தமிழாகிவிடுமா? அம்மா ‘காய்ச்சலா’ என்று கேட்டதற்கும் அதுவே காரணம். யாழில் கட்டிய நரம்பையும் அதில் பிறந்த ஒலியையும் நம்மவர்கள் ஒரே சொல்லால் நரம்பு என்றே சொன்னார்கள். இரவல் வாங்கும் நிலை நமக்கு இல்லை.

என் முன்மொழிவு: இடைநரம்பு. (‘நீலநரம்பு’ வேண்டாம், கால் நரம்பு சுருண்டுகொள்ளும் நோய் நினைவுக்கு வரும்.) தமிழிசை வகுப்புகளில் சாதாரண காந்தாரத்தை மென்கைக்கிளை என்றும், அந்தர காந்தாரத்தை வன்கைக்கிளை என்றும் சொல்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பது இடைக்கைக்கிளை. வல்லினம், மெல்லினம், இடையினம் படித்த பிள்ளைக்கு விளக்கமே தேவையில்லை. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் ‘கருணாமிர்த சாகர’த்தில் ஒரு ஸ்தாயியை ஆயப்பாலை முறையில் 12 ஆகவும் வட்டப்பாலை முறையில் 24 ஆகவும் வகுத்துக் காட்டியிருக்கிறார். அந்த 24இல் ஒன்று இந்த இடத்தில்தான் விழும். இன்றைய அளவையில் (ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட்) சட்சத்திலிருந்து மென்மை 300 சென்ட், வன்மை 400 சென்ட், நடு 350. மிசிசிப்பிப் பருத்திக் காட்டில் பாடியவர்கள் காதால் கண்டதைத் தஞ்சாவூரில் ஒருவர் கணக்கால் கண்டிருக்கிறார். அதற்குப் பெயர் தமிழில் இல்லாமல் போவதை என்னால் ஏற்க முடியாது.

———

மீ., மல்லேசுவரம்:

தம்பி பொ. வே., நீங்கள் 350 என்று ஓரிடத்தில் ஆணி அடிக்கிறீர்கள். த. அனுப்பிய ஒலிப்பதிவை வீணையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். அந்தப் பிள்ளை அங்கே நிற்கவே இல்லை. சாதாரண காந்தாரத்தில் கம்பியை அழுத்துகிறான், மோதிர விரலால் மேலே தள்ளுகிறான், பின்னால் இரண்டு விரல் முட்டுக் கொடுக்கிறது. அந்தரத்தைத் தொட்டுவிடுவான் என்று நாம் நினைக்கும்போது தொடாமல் விடுகிறான். அடுத்த சுற்றில் அதே இடத்துக்கு வரும்போது கொஞ்சம் கூடுதலாகத் தள்ளுகிறான். ஒவ்வொரு தடவையும் ஒலி வேறு. இடம் வேறாகிக்கொண்டே இருந்தால் ‘இடை’ என்று எப்படிப் பெயர் வைப்பது?

வீணையில் எங்களுக்கு இது அன்றாட வேலை. மெழுகில் பதித்த மெட்டு 24, இரண்டு ஸ்தாயிக்கு. ஆனால் பாதி சங்கீதம் மெட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. ஒரு மெட்டில் விரலை வைத்துக் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் அடுத்தடுத்த ஸ்வரமெல்லாம் அங்கேயே கிடைக்கும். இழுக்கிற அளவு கையில் வர வருஷங்கள் ஆகும். விரல் நுனி காய்த்துப்போகும். தோடி ராகத்தின் காந்தாரத்தை ஹார்மோனியத்தின் எந்தக் கட்டையிலாவது காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். 1940இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை விலக்கியதே இந்த வழக்கினால்தான். ப்ளூஸ் பியானோக்காரர்களுக்கும் இதே கஷ்டம். அதனால் இரண்டு காந்தாரக் கட்டையையும் ஒட்டி நசுக்கி, காதை நடுவில் கேட்க வைக்கிறார்கள்.

வகுப்பில் நான் என்ன சொல்கிறேன் தெரியுமா? “குழைத்துக் கொடு.” பாட்டு வாத்தியாரும் அதையேதான் சொல்வார், குரலைக் குழைத்துப் பாடு என்று. எந்தக் குழந்தையும் பொருள் கேட்டதில்லை. குழைசுரம் என்று வையுங்கள். வினைத்தொகை, ஒற்று மிகாது. குழைந்த, குழைகின்ற, குழையும் மூன்றும் அதற்குள் அடங்கும். ஓரிடத்தில் நிற்காத ஒலிக்குக் காலம் காட்டாத தொகைதான் பொருந்தும்.

கூடுதலாக ஒன்று: பிள்ளை வாசிப்பது அடிப்படையில் சுத்த தன்யாசி ராகம், நடுவே ஒரு பிரதி மத்தியமம் (‘ம’வின் உயர்ந்த வடிவம்) சேருகிறது. பாட்டியிடம் அதைச் சொன்னால் உடனே புரியும்.

———

ல., ஜெயநகர்:

எதற்கு இவ்வளவு? பாலுசாமி தீட்சிதர் காலத்தில் வயலின் வந்தது. பிடில் என்றோம், வயலின் என்றோம், கச்சேரி மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம். பெயரை மாற்றாமலே அது நம்முடையதாகிவிட்டது. ப்ளூ நோட் என்பது கறுப்பின மக்கள் பட்ட பாட்டிலிருந்து வந்தது. அந்தப் பெயரை அப்படியே வைத்திருப்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

எழுதும் முறையில் சிக்கல் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வராது, எனவே ‘புளூ’. வல்லின மெய்யில் சொல் முடியாது, எனவே ‘நோட்டு’. இரண்டையும் சேர்த்தால் ‘புளூ நோட்டு’, பள்ளிக்கூடத்து நோட்டுப் புத்தகமாகிவிடும். ஆகவே இலக்கணத்தைத் தளர்த்தி ‘ப்ளூ நோட்’.

இன்னொரு கேள்வி. ‘ஆல்பம்’ என்றா போடுகிறீர்கள்? ஒலிநாடாக் காலத்தில் ‘ஒலிப்பேழை’ என்று அழகான சொல் இருந்தது. பேழைக்குள் இப்போது ஒன்றும் இல்லை என்பதால் சொல்லையும் தூக்கி எறிய வேண்டுமா? ‘இசைத்தொகை’ என்றால் குறுந்தொகை, கலித்தொகையோடு சேர்ந்து நிற்கும்.

———

த., காக்ஸ் டவுன்:

அட்டையில் ஏற்கெனவே ‘ஆல்பம்’ என்று போய்விட்டது, அதைத் தொட வேண்டாம். அக்கா மகனிடம் பேசினேன். அவன் சொன்னது அப்படியே: “சித்தி, ஸ்டுடியோல நாங்க தமிழ்லயே பேசிக்கிறப்போ ‘இன்னும் கொஞ்சம் தள்ளு, அழட்டும்’னுதான் சொல்வோம். பேரெல்லாம் கிடையாது.”

———

க. இரா., அல்சூர்:

மீ. அம்மாவின் வினைத்தொகை விளக்கம் மிகவும் பிடித்தது. ஆனால் சுரம் என்ற சொல்லைப் பொ. வே. தம்பி இவ்வளவு எளிதாகத் தள்ளக் கூடாது. தமிழில் சுரம் என்றால் பாலை வழி. ‘இடைச்சுரத்துக் கண்டோர் சொல்லியது’ என்று எத்தனை பாட்டுக்குத் துறை! செங்கற்பட்டுப் பக்கம் திருவிடைச்சுரம் என்று சம்பந்தர் பாடிய ஊரே உண்டு. பண்ணுக்கும் நாம் பாலை என்றுதான் பெயர் வைத்தோம், ஏழ்பெரும்பாலை. ஆக நிலமும் இசையும் ஒரு சொல்லில் முன்பே சந்தித்திருக்கின்றன.

ஆகவே நெய்தலை நான் வற்புறுத்தவில்லை. ஒலிப்பதிவைக் கேட்டபின் தோன்றுகிறது, ப்ளூஸ் நெய்தல் அன்று, பாலை. இருந்து இரங்குகிறவர்களின் இசை இல்லை அது, புறப்பட்டுப் போனவர்களின் இசை. மிசிசிப்பியிலிருந்து சிகாகோவுக்குக் குடும்பம் குடும்பமாக ரயில் ஏறினார்கள். கிட்டாரும் கூடப் போனது. அங்கே மின்சாரக் கிட்டாராகித் தெருச் சத்தத்துக்கு மேலே கேட்டது. 1809இல் இங்கே பெங்களூரில் தண்டு (கண்டோன்மென்ட்) அமைந்தபோது பட்டாளத்தோடும் பட்டாளத்தின் பின்னாலும் வந்த நம் பாட்டன்மார்களும் ஊரை விட்டு வந்தவர்கள்தாமே. அல்சூர் ஏரிக்கரையில் பட்டாளத்து பேண்டு வாசிப்பதைக் கேட்டு வளர்ந்த தெருக்களிலிருந்து ஒரு பிள்ளை இன்று கிட்டார் எடுத்திருக்கிறான். அவன் தேடிப் போகும் ஒலிக்கு ‘இடைச்சுரம்’ என்று பெயர் வைத்தால் அது ஒலியையும் சொல்லும், வழியையும் சொல்லும். காய்ச்சல் என்று படிக்கிறவர்கள் படிக்கட்டும். அடுத்த வரியில் தெளிந்துவிடுவார்கள்.

———

பொ. வே., வைட்ஃபீல்டு:

ஐயா, பாலை வழியான சுரம் வேறு, ஸ்வரத்தின் சுரம் வேறு. எழுத்து ஒன்றாக இருப்பதால் வேர் ஒன்றாகிவிடாது. ஏழிசையில் முதலாவதான குரல் என்பது சட்சமா (ச) மத்தியமமா (ம) என்ற வழக்கே இன்னும் ஓயவில்லை. அதற்குள் பாலைக்கும் சுரத்துக்கும் பாலம் கட்ட வேண்டாம்.

———

மீ., மல்லேசுவரம்:

அப்படியானால் உங்கள் கைக்கிளையும் ஆடிப்போகும் தம்பி. குரல் மத்தியமம் என்றால் கைக்கிளை காந்தாரமே இல்லை. வகுப்புக்கு நேரமாகிறது. என் ஓட்டு குழைசுரத்துக்கு.

———

த., காக்ஸ் டவுன்:

எல்லாருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள், முடிவெடுத்தாக வேண்டும். இந்த இழையிலும் தனிமடலிலும் வந்தவற்றைப் பார்த்தால் குழைசுரத்துக்கே ஆதரவு கூடுதல். பலரும் “ஏதாவது ஒன்றைப் போடுங்கள், குழைசுரம் பரவாயில்லை” என்றுதான் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது பரவாயில்லை என்பதற்கு மேலேயே படுகிறது. அக்கா மகன் சொன்ன ‘தள்ளு, அழட்டும்’ இரண்டும் அந்தக் ‘குழை’க்குள் இருக்கின்றன. அச்சுக்குப் போவது இதுதான்:

“இந்த உருப்படியில் நான் தேடிப் போவது, ப்ளூஸ்காரர்கள் ப்ளூ நோட் என்று சொல்லும் குழைசுரத்தை. அது எந்த மெட்டின் மேலும் இல்லை.”

முதல் முறை மட்டும் இரண்டு பெயரும் வரும், பிறகு குழைசுரம் மட்டும். ல. கேட்ட மரியாதைக்கும் இதில் இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

———

பொ. வே., வைட்ஃபீல்டு:

அச்சுக்குப் போவதைத் தடுக்க மாட்டேன். என் மறுப்பு மட்டும் குழுவின் பதிவில் இருக்கட்டும். குழைசுரம் கை செய்யும் வேலையைச் சொல்கிறது, ஒலி இருக்கும் இடத்தைச் சொல்லவில்லை. மீ. அம்மா சொன்ன அந்தப் பியானோக்காரர் இரண்டு கட்டையை நசுக்குகிறார், எதையும் குழைக்கவில்லை. அவர் வாசிப்பதும் ப்ளூ நோட்தான். அதை இந்தச் சொல்லால் எப்படி எழுதுவீர்கள்? பியானோவுக்கு என்று யாராவது அடுத்து ஒரு தமிழ்ப் பக்கம் எழுதும்போது இடைநரம்பை மறுபடி எடுத்துக்கொண்டு வருவேன்.