செக்கோயா மலையிறக்கத்தில் பிரேக் கருகல் நாத்தம்: நாளைக்கு கிங்ஸ் கேன்யன் போகலாமா?

சான்ஹோசேவாசி:
வணக்கம். அப்பா, அம்மா, வீட்டுக்காரி, பையனோட வாடகை வண்டில கலிஃபோர்னியாவுல இருக்கிற செக்கோயா நேஷனல் பார்க்குக்கு வந்திருக்கோம். ஏழு சீட், ஆட்டோமேட்டிக். இன்னைக்கு ஜெனரல் ஷெர்மன் மரத்தைப் பார்த்துட்டு மலையடிவாரத்துல ரூம் போட்டிருக்கிற த்ரீ ரிவர்ஸ் ஊருக்கு இறங்குறப்போ ஒரே கருகல் நாத்தம். வழியில ஹாஸ்பிடல் ராக்ங்கிற இடத்துல ஓரங்கட்டினேன். முன் சக்கரம் ரெண்டுலயும் லேசா புகை, பெடல் பஞ்சு மாதிரி அமுங்குது. ஆறவிட்டு உருட்டிக்கிட்டே ரூமுக்கு வந்துட்டோம். டேஷ்போர்டுல எந்த விளக்கும் எரியல. நாளைக்கு பக்கத்து பார்க்கான கிங்ஸ் கேன்யன்ல, ரோடு முடியுற ரோட்ஸ் எண்ட் வரை போற திட்டம். வண்டி தாங்குமா? இல்ல, பக்கத்துல மலை மேல இருக்கிற மினரல் கிங் பள்ளத்தாக்குக்கு மாத்திடவா? சக்கரத்துல தண்ணி ஊத்தச் சொல்றார் அப்பா.

கியர்மணி:
தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க தம்பி, சூட்டுல இருக்கிற டிஸ்க் கோணிக்கும். நீங்க மரம் பார்த்த ஜயண்ட் ஃபாரஸ்ட் 6,400 அடி உயரம், பார்க்கோட கீழ வாசல் 1,700 அடி. நடுவுல சுமார் 16 மைல்தான், அதுவும் கொண்டை ஊசியா வளையும். அஞ்சு பேர், மூட்டை முடிச்சோட சின்ன கியருக்கு மாத்தாம D-லயே விட்டுட்டு பிரேக்ல கால் வச்சுக்கிட்டே வந்தா பிரேக் பேடு வெந்துடும். சூடு ஏறி பிரேக் ஆயில்ல ஆவி கட்டினா பெடல் அப்படித்தான் அமுங்கும். ஆறினதும் கெட்டியாகலாம், ஆனா அதை நம்பி மலை ஏறக்கூடாது.

காலைல இஞ்சினை ஓடவிட்டு, நின்ன இடத்துலயே பெடலை அழுத்திப் பிடிங்க. மெல்ல மெல்ல கீழ போகுதுன்னா வண்டியை நகர்த்தவே வேணாம். கெட்டியா நின்னா சமதளத்துல ஓட்டி பிரேக் போட்டுப் பாருங்க. அப்போ ஸ்டியரிங் உதறினாலோ, டிஸ்க் நீலம் பூத்திருந்தாலோ வண்டியை மாத்திக்குங்க. எப்படி இருந்தாலும் வாடகைக்காரனுக்கு ஒரு போன் போட்டுடுங்க.

ஃப்ரெஸ்னோ அக்கா:
மினரல் கிங்கா? வேணவே வேணாம்பா! 25 மைல், ஒடுக்கமான ரோடு, சில இடத்துல தாரே கிடையாது, திரும்பி வர்றது பூரா இறக்கம். போதாக்குறைக்கு கோடை ஆரம்பத்துல மர்மோட்னு ஒரு கொழுத்த அணில் ஜாதி, பார்க்கிங்ல வண்டிக்கடியில புகுந்து ரேடியேட்டர் ஹோஸைக் கடிச்சு வைக்கும். விவரம் தெரிஞ்சவங்க வண்டியைச் சுத்தி தார்ப்பாய் கட்டிட்டுத்தான் நடக்கப் போவாங்க.

கிங்ஸ் கேன்யனுக்கும் அதே மலை மேல ஏறிப் போகாம, விசாலியா வழியா சுத்தி ஹைவே 180 பிடிங்க. அந்த வழியில பார்க்குக்குள்ள முதல்ல வர்ற கிராண்ட் குரோவ் 6,600 அடி. அங்கிருந்து ஆத்தங்கரை வரைக்கும் நீண்ட இறக்கம், அப்புறம் ரோட்ஸ் எண்டுக்கு முன்னாடி இருக்கிற சீடர் குரோவுக்கு ஏத்தம். அந்த இறக்கத்துலதான் உங்க பிரேக்குக்குப் பரீட்சை.

சான்ஹோசேவாசி:
நன்றி அண்ணே, அக்கா. பெடல் கெட்டியாதான் இருக்கு, ஆனா சமதளத்துலயே ஸ்டியரிங் உதறுது. விசாலியால வேற வண்டி தர்றாங்களாம். அது ஹைபிரிட். இறக்கத்துல சின்ன கியர் போடுறதுக்கு அதுல என்ன இருக்கு?

கியர்மணி:
பல ஹைபிரிட்ல B-னு இருக்கும், மத்ததுல L, S, இல்லேன்னா ஸ்டியரிங்குக்குப் பின்னால மைனஸ் துடுப்பு. இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க. ஊர்ல மலைக்கு ஓட்டுறவங்க 'ஏறுற கியர்லயே இறங்கு'ம்பாங்க, இங்கயும் அதேதான். இஞ்சின் இரையும், பயப்படாதீங்க. வளைவுக்கு முன்னாடி ஒரு அழுத்து, உடனே காலை எடுத்துடுங்க. பின்னால வண்டி சேர்ந்தா ரோட்டோரமா ஒதுங்க விட்டிருக்கிற டர்ன்-அவுட்ல ஒதுங்கி வழி விடுங்க. அவசரப்படுத்துறாங்களேன்னு வேகத்தைக் கூட்டாதீங்க.

சான்ஹோசேவாசி:
இஞ்சின் அவ்வளவு இரைஞ்சா பெட்ரோல் குடிக்காதா அண்ணே?

கியர்மணி:
குடிக்காது. ஆக்சிலரேட்டர்ல கால் இல்லாம வண்டி கியர்ல உருளும்போது இஞ்செக்டரே பெட்ரோலை நிறுத்திடும். செலவெல்லாம் திரும்பி ஏறுறப்போதான்.

ஃப்ரெஸ்னோ அக்கா:
அதனால கீழயே டேங்க்கை ரொப்பிக்குங்க. பார்க்குக்குள்ள பங்க் கிடையாது. பள்ளத்தாக்குல சிக்னலும் கிடைக்காது, மேப்பை முன்னாடியே இறக்கி வச்சுக்குங்க. திங்கிற பொருள் எதையும் வண்டில விட்டுட்டு நடக்கப் போகாதீங்க, கரடி கதவைப் பேத்துடும். இரும்புப் பெட்டி வச்சிருப்பாங்க, அதுல போட்டுப் பூட்டுங்க. அம்மா கொண்டு வந்த முறுக்கு டப்பாவும் சேர்த்துத்தான்.